சாவிக்கொத்து வைத்திருந்தவர்கள் கேட்ட படிப்பு

1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் அறுவை மருத்துவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டியது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்ற அமைப்பு. 100 படுக்கையும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளுக்கு அவர்கள் ஆள் அனுப்பிப் பார்த்திருந்தார்கள். தேறியவை 89. தேறாதவற்றில் நாடெங்கும் பேர் வாங்கிய ஆஸ்பத்திரிகளும் இருந்தன. மேடையில் எண்ணிக்கையை மட்டும் சொன்னார்கள். பெயர்ப்பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதை ஹோட்டலின் அடித்தள உலையில் போட்டு எரித்துவிட்டிருந்தார்கள்.

அவர்கள் கேட்டது எட்டாத காரியமும் அல்ல. ஒரே பக்கத்தில் அடங்கும் நிபந்தனைகள். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் டாக்டர்கள் முறைப்படி ஒரு குழுவாக அமைந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது கூடித் தங்கள் கேஸ்களைத் தாங்களே அலச வேண்டும். நோயாளியை அனுப்பிவைத்ததற்காக ஒருவருக்கொருவர் கமிஷன் கொடுத்து வாங்கக் கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான கேஸ் ஷீட் இருக்க வேண்டும், கேட்டபோது எடுக்கும்படி அது அடுக்கப்பட்டிருக்க வேண்டும். லேபும் எக்ஸ்ரேயும் தகுதியுள்ள ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூடக் கத்தி பிடிக்கும் திறமையைப் பற்றியது அல்ல. கேஸ் ஷீட்டை எழுத வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் அவரை எழுதவைக்கவும், எழுதியதைச் சேர்த்து வைக்கவும், லேபுக்குப் பணம் ஒதுக்கவும், கூட்டத்துக்கு வராத பெரிய டாக்டரிடம் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆஸ்பத்திரிக்குள் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பயிற்றுவிப்பது யார்? அன்று அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகள் இருந்தன, செவிலியர் பள்ளிகள் இருந்தன, வணிகக் கல்லூரிகளும் வந்துவிட்டன. ஆஸ்பத்திரியை நடத்தக் கற்றுத்தரும் பட்டப்படிப்பு ஒன்றும் இல்லை.

இன்று நம் ஊர்க் கல்லூரிகளிலேயே மருத்துவமனை நிர்வாகம் என்று பி.பி.ஏ., பி.எஸ்சி. வகுப்புகள் நடக்கின்றன. பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைக்கு மருத்துவப் புள்ளியியல் ஒரு தாள், மருத்துவப் பதிவேடு ஒரு தாள், கணக்கு ஒரு தாள், இன்சூரன்ஸ் ஒரு தாள், தரமும் நோயாளி பாதுகாப்பும் இன்னொரு தாள். அச்சடித்த பாடத்திட்டத்தில் பார்த்தால் யாரோ ஒரு குழு ஒரே நாளில் உட்கார்ந்து பிரித்தது போலத் தோன்றும். அப்படி வந்தவை அல்ல அவை. ஒரு தாள் போர்க்கால ஆஸ்பத்திரியில் செத்தவர்களிடமிருந்து வந்தது. ஒன்று கட்டப்படாத பில்களிலிருந்து வந்தது. ஒன்றுக்காக ஒரு டாக்டர் தன் தொழிலையே பறிகொடுத்தார். இந்தப் படிப்பு வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் நர்சுகளும் கன்னியாஸ்திரிகளும். ஆஸ்பத்திரியின் சாவிக்கொத்தை ஏற்கெனவே இடுப்பில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். படிப்பின் வரலாற்றைச் சொல்லும்போது இந்தச் செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புள்ளியியலிலிருந்து தொடங்கலாம். 1854-ல் கிரிமியப் போரின்போது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனதும், விளக்கேந்திய சீமாட்டி என்று பேர் எடுத்ததும் நம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. போர் முடிந்து ஊர் திரும்பியபின் அவர் செய்த வேலைதான் நம் கதைக்கு வேண்டியது. குண்டு பட்டுச் செத்த சிப்பாய்களைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் பல மடங்கு என்பதைக் கணக்குப் போட்டு, பார்த்தவுடன் விளங்கும் வண்ணப் படங்களாக வரைந்து காட்டினார். 1858-ல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதில் சேர்ந்த முதல் பெண் அவர். அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜன்னல் எங்கே இருக்க வேண்டும், இரண்டு கட்டிலுக்கு நடுவே எவ்வளவு இடம் வேண்டும், சாக்கடை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. 1860-ல் லண்டனில் கூடிய உலகப் புள்ளியியல் மாநாட்டுக்கு அவர் முன்வைத்த திட்டம், எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயையும் இறப்பையும் பதிய வேண்டும் என்பது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் இஷ்டத்துக்குக் கணக்கு எழுதினால் எது நல்ல ஆஸ்பத்திரி, எது ஆளைக் கொல்லும் ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியாது என்பதை அவர் கண்டுகொண்டார். நிர்வாகம் என்ற சொல்லை யாரும் இதற்குப் பயன்படுத்தாத காலத்தில் நடந்த நிர்வாக ஆராய்ச்சி அது.

அவர் வழியில் வந்த அமெரிக்க நர்சுகளிடம்தான் படிப்பு என்ற எண்ணம் பிறந்தது. இசபெல் ஹாம்ப்டன் கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியை. பிறகு நியூயார்க்கின் பெல்வியூ ஆஸ்பத்திரியில் செவிலியப் பயிற்சி பெற்று, சிகாகோவில் ஒரு செவிலியர் பள்ளியை நடத்தி, 1889-ல் பால்டிமோரில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் செவிலியர் பள்ளிக்குத் தலைவியானார். அந்தக் காலத்துச் செவிலியர் கண்காணிப்பாளரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக்கு வந்த மாணவிகளைக் கொண்டுதான் வார்டுகளே ஓடின. யாருக்கு இரவு வேலை, யாருக்குப் பகல் என்று பிரிப்பது அவர். வெளுக்கப் போன துணி எண்ணிக்கை சரியாகத் திரும்பியதா, சமையலறையில் பால் போதுமா, நோயாளியின் பத்தியச் சாப்பாடு சூடாகப் போனதா, பஞ்சும் பேண்டேஜும் மாதக்கடைசி வரை வருமா என்று பார்ப்பதும் அவர். நடுவில் பாடமும் நடத்த வேண்டும். இதற்கெல்லாம் அவருக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. முன்னால் இருந்தவரைப் பார்த்துக் கற்றதுதான்; முன்னால் இருந்தவர் தப்பாகச் செய்திருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்தே வரும்.

1893-ல் சிகாகோ உலகப் பொருட்காட்சியை ஒட்டி நடந்த மாநாட்டில் செவிலியர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் ஹாம்ப்டன். அங்கே கூடிய கண்காணிப்பாளர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு டாக்டர் ஹன்டர் ராப் என்பவரை மணந்தபோது ஹாம்ப்டன் வேலையை விட வேண்டியிருந்தது. மணமான பெண் கண்காணிப்பாளராகத் தொடர்வது அன்றைய வழக்கம் அல்ல. பதவி போனாலும் சங்கத்தை அவர் விடவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீச்சர்ஸ் காலேஜின் தலைவர் ஜேம்ஸ் ரஸ்ஸலிடம் போய், நர்சுகளுக்கு ஆஸ்பத்திரிப் பொருளாதாரம் என்று ஒரு வகுப்பு நடத்த இடம் கேட்டார்கள். 1899-ல் அது தொடங்கியது. சேர்ந்தவர்கள் இரண்டு பேர். உளவியல், அறிவியல், குடும்பப் பொருளாதாரம் போன்றவற்றைக் கல்லூரியின் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து படித்தார்கள். ஆஸ்பத்திரி நடத்துவதைப் பற்றிய பாடத்தைச் சங்கத்தின் மூத்த கண்காணிப்பாளர்களே வந்து எடுத்தார்கள். அந்த இருவரில் ஒருவரான ஆன்னா ஆலைன், படித்து முடித்தபின் அந்தப் படிப்பையே பொறுப்பேற்று நடத்தினார். 1907-ல் மேரி அடிலெய்ட் நட்டிங் அங்கே பேராசிரியராக வந்தார். உலகில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன முதல் செவிலியர் அவர்தான். 1896-லேயே அவர் செவிலியர் பள்ளிகளில் மாணவிகள் எத்தனை மணி நேரம் வேலை வாங்கப்படுகிறார்கள் என்று எண்ணிக் கணக்கெடுத்துச் சபையில் வைத்திருந்தார். இன்று பணியாளர் மேலாண்மை என்ற தாளில் வேலைநேர அட்டவணை போடக் கற்றுத்தருகிறார்களே, அதற்கு முன்னோடி இந்தக் கணக்கெடுப்பு.

இசபெல் ராப் 1910-ல் கிளீவ்லாந்து நகரத் தெருவில் டிராம் விபத்தில் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த வகுப்பு காலப்போக்கில் செவிலியக் கல்வியாக வளர்ந்தது. அதிலிருந்த ஆஸ்பத்திரி நிர்வாகம் என்ற பகுதி செவிலியர் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. ராப் வாழ்ந்த அதே கிளீவ்லாந்தில், அதே 1899-ல், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1906-ல் அது அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் என்று பேர் மாற்றிக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறது. நர்சுகளின் சங்கமும் கண்காணிப்பாளர்களின் சங்கமும் அன்றே கைகோத்திருந்தால் பட்டப்படிப்பு கால் நூற்றாண்டு முன்னதாக வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பதிவேட்டுத் தாளின் கதை பாஸ்டனில் நடந்தது. எர்னஸ்ட் அமோரி காட்மன், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பினோமே, அந்த ஆள் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், முடிவு என்ன ஆயிற்று, சரியாகவில்லை என்றால் யார் பிழை என்று எழுதினார். வயதில் மூத்தவர் என்பதற்காகப் பதவி உயர்வு தருவதை விட்டு, முடிவு யாருக்கு நன்றாக வருகிறது என்று பார்த்துத் தரவேண்டும் என்றார். ஆஸ்பத்திரி கேட்கவில்லை. 1914-ல் வேலையை உதறினார். 1911 முதலே தன் செலவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்திவந்தார். அங்கே 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 நோயாளிகளின் கணக்கில் 123 பிழைகள் நடந்தன என்று அவரே அச்சிட்டு வெளியிட்டார். தன் பிழையைத் தானே ஊருக்கு விற்ற டாக்டர் அவருக்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1915 ஜனவரியில் பாஸ்டன் டாக்டர்கள் கூடிய சபையில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். மண்ணுக்குள் தலையைப் புதைத்த தீக்கோழி பணக்காரர்கள். அது இடும் பொன்முட்டைகளைப் பொறுக்குகிறவர்கள் டாக்டர்கள். சபை கொந்தளித்தது. உள்ளூர் மருத்துவச் சங்கத்தில் அவர் வகித்த தலைமைப் பொறுப்பு பறிபோனது. அவரிடம் நோயாளிகளை அனுப்புவதும் நின்றுபோனது. 1940-ல் இறந்தபோது அவர் கல்லறைக்குக் கல்கூட நடவில்லை. 2014-ல்தான் நட்டார்கள். ஆனால் அவருடைய அட்டைதான், காரம் குறைந்த வடிவத்தில், அறுவை மருத்துவர் அமைப்பின் நிபந்தனைக்குள் நுழைந்தது. வால்டார்ஃப் உலையில் எரிந்த பட்டியலுக்கு மூலம் காட்மனின் கேள்வி.

அந்த நிபந்தனைகள் வந்தபோது உண்மையில் நடுங்கியிருக்க வேண்டியவர்கள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். ஊருக்கு ஊர் அவர்கள் ஆஸ்பத்திரி நடத்தினார்கள். சுரங்க ஊர்களிலும் ரயில் பாதை போட்ட ஊர்களிலும் வேறு யாரும் கட்ட முன்வராத இடங்களிலும் கட்டி நடத்தினார்கள். மடத்தின் தலைமைச் சகோதரியே ஆஸ்பத்திரிக்கும் தலைவி. சாப்பாடு, மருந்து, கடன், கட்டடம், டாக்டர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் அவர் தலையில். புதிய நிபந்தனைப்படி லேப் வைக்கவும் கேஸ் ஷீட் கேட்கவும் இயலாவிட்டால் ஆஸ்பத்திரி கெட்ட பேர் வாங்கி மூடவேண்டியதுதான்.

இயேசு சபைத் துறவி சார்லஸ் மூலினியே இந்த இடத்தில் வருகிறார். மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பள்ளியைக் கவனித்துவந்தவர். 1915-ல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கிவைத்தார். அறுவை மருத்துவர்களின் நிபந்தனைகளைக் கண்டு ஒதுங்க வேண்டாம், நாமே முன்னால் போய் ஏற்றுக்கொள்வோம் என்று ஊர் ஊராகப் போய்ச் சகோதரிகளிடம் பேசினார். நோயாளிக்கு நல்லது என்றால் அது மடத்துக்கும் நல்லதுதான் என்பது அவர் கட்சி. அதற்கு அடுத்த படியாக, சகோதரிகள் முறையாகப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்றும் கண்டார். 1924-ல் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாகக் கல்லூரி எழுந்தது. நாட்டில் இந்தத் துறைக்கென்று பட்டம் தர வந்த முதல் இடம் அது. 1927-ல் முதல் இரண்டு பேர் பட்டம் பெற்றார்கள். 1928-ல் கல்லூரி மூடப்பட்டது.

நான்கே ஆண்டு. இந்த மூடலை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு மனம் அங்கேயே நிற்கிறது. ஆஸ்பத்திரியை நடத்திக்கொண்டிருக்கிற ஒருவரை, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வேறு நகரத்தில் வந்து வகுப்பில் உட்கார் என்று கேட்டது அந்தத் திட்டம். அவர் வந்துவிட்டால் அங்கே பால் கணக்கு பார்ப்பவர் யார்? தேவை இருந்தது, பாடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார்கள்; படிக்க வேண்டியவர்களுக்கு வார்டை விட்டு வர வழி இல்லை. வேலையில் இருப்பவருக்கு ஏற்ற நேரத்தில், அவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாடம் கொடுக்கும் முறை அன்று கைக்கு வரவில்லை. படிப்பு தோற்கவில்லை, படிப்பை வைத்த இடமும் நேரமும்தான் தோற்றன என்று நான் கொள்கிறேன்.

இதற்கிடையே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1920-ல் ஒரு மாநாடு கூட்டி, ஒரு குழு அமைத்து, 1922-ல் மருத்துவமனை நிர்வாகிகளின் பயிற்சி பற்றி அறிக்கை வெளியிட்டது. அறிக்கையால் உடனே ஒரு கல்லூரியும் எழவில்லை. காரியம் நடந்தது மைக்கேல் டேவிஸ் என்ற ஒற்றை மனிதரால். அவர் டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. கொலம்பியாவில் சமூகவியல் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். பாஸ்டனில் ஏழைகளுக்கான ஒரு வெளிநோயாளி நிலையத்தை நடத்தியவர். ஏழை ஒருவர் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், மருந்து வாங்கக் காசில்லாமல் எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்பதைத் தினம் பார்த்தவருக்கு நிர்வாகம் என்பது சமூக நீதிப் பிரச்சினையாகத்தான் தெரிந்திருக்கும். 1929-ல் மருத்துவமனை நிர்வாகத்தை வாழ்நாள் தொழிலாக முன்வைத்து ஒரு நூல் எழுதினார். இரண்டு ஆண்டுப் பாடத்திட்டம் அதில் இருந்தது. கணக்கு, புள்ளியியல், மேலாண்மை, பொருளாதாரம், சமூக அறிவியல், மருத்துவமனைகளின் வரலாறு. அதோடு ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. இன்றைய பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 1934-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் அந்தத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுதான் நிலைத்து நின்ற முதல் படிப்பு.

ஆனால் அது முதுநிலைப் படிப்பு. ஏற்கெனவே பட்டம் பெற்று வருகிறவருக்குத்தான் இடம். பட்டம் இல்லாத செவிலியக் கண்காணிப்பாளருக்கு அந்தக் கதவு அடைபட்டது. இந்தத் துறை மதிப்புப் பெற்ற கணத்திலேயே அதைக் கேட்டு வாங்கியவர்கள் வெளியே நிற்க நேர்ந்தது.

டேவிஸின் நூல் வந்த அதே 1929-ல், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், இன்னொரு தாள் பிறந்தது. ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல் என்பவர் முன்பு அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர். அப்போது பெய்லர் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவுகளைக் கவனித்துவந்தார். ஆஸ்பத்திரியின் கட்டப்படாத பில்களைப் புரட்டியபோது தனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள் தொடர்ந்து வந்தன. ஆசிரியர் ஒருவர் மாதம் 50 சென்ட் கட்டினால் ஆண்டுக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறலாம் என்று திட்டம் போட்டார். பொருளாதாரம் விழுந்து, படுக்கைகள் காலியாகி, நன்கொடை வற்றிய அடுத்த ஆண்டுகளில் மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின. ப்ளூ கிராஸ் என்ற பெரிய இன்சூரன்ஸ் வலை இதிலிருந்து கிளைத்தது. அதுவரை ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தவர் நோயாளி, அல்லது தர்மவான். இனி மூன்றாவது ஆள் ஒருவர் கொடுப்பார். அவர் கணக்குக் கேட்பார். ஒரு நாள் படுக்கைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று நிர்வாகி சொல்லியாக வேண்டும். மருத்துவமனைச் செலவுக் கணக்கு தனிப் பாடமாக வளர்ந்ததற்கு இந்த மூன்றாவது ஆள் பெரிய காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எல்லாம் வேகமெடுத்தது. 1946-ல் வந்த ஹில் பர்ட்டன் சட்டம் ஆஸ்பத்திரி கட்ட மத்திய அரசின் பணத்தைக் கொட்டியது. காலை உணவுக்குச் சோள அவல் விற்றுப் பணம் சேர்த்த கெல்லாக்கின் அறக்கட்டளை, பல்கலைக்கழகங்களில் நிர்வாகப் படிப்புகள் தொடங்க நிதி கொடுத்தது. 1948-ல் அந்தப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. போரிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்றது. அவர்கள் பெருமளவில் ஆண்கள். ராணுவ மருத்துவமனைகளில் சரக்கும் கணக்கும் பார்த்த அனுபவம் பலருக்கு இருந்தது. புது நிர்வாகி கோட்டு சூட்டுடன் வந்து உட்கார்ந்தார். நர்சாக வந்து ஆஸ்பத்திரியையே நடத்திய பெண் தலைமுறை மெல்ல மெல்ல ஓய்வுக்குப் போனது. அவர்கள் இடத்துக்குப் பெண்கள் வருவது அரிதாயிற்று.

இளநிலைப் பட்டம் வரக் காரணம் முதியோர். 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 65 வயது கடந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவு அரசின் கணக்குக்கு வந்தது. ஏழைகளுக்கு மெடிகெய்டு. ஒரே வீச்சில் கோடிக்கணக்கான பில்கள். ஆஸ்பத்திரியோடு முதியோர் இல்லங்களும் பெருகின. அந்த இல்லங்களின் நிர்வாகி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், அந்த உரிமத்தை மாநிலங்கள் வழங்க வேண்டும் என்று 1967-ல் சட்டத் திருத்தம் வந்தது. இத்தனை இல்லங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் இன்சூரன்ஸ் அலுவலகங்களுக்கும் முதுநிலை படித்தவர்களையே தேடினால் கிடைப்பார்களா? ஒரு பிரிவை, ஒரு மாடியை, ஒரு பில்லிங் அறையைப் பொறுப்பாக நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. 1970-களில் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இளநிலைப் படிப்பைத் திறந்தன. மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் மூடிய கதவு நாற்பது ஆண்டு கழித்துப் பல ஊர்களில் திறந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் ஜான் தாம்சன். நியூயார்க் பெல்வியூவில் செவிலியப் பயிற்சி பெற்றவர். இசபெல் ராப் படித்த அதே ஆஸ்பத்திரி. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாகம் படித்து அங்கேயே ஆசிரியரானார். தொழிற்சாலை உற்பத்தியை ஆராய்ந்த ராபர்ட் ஃபெட்டர் என்பவரோடு சேர்ந்து ஒரு பழைய கேள்வியை எடுத்தார். இரண்டு ஆஸ்பத்திரிகளை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மாதிரி நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்றில் பிரசவம், இன்னொன்றில் இதய அறுவை என்றால் செலவை எப்படி ஒப்பிடுவது? நோய், சிகிச்சை, வயது ஆகியவற்றைக் கொண்டு நோயாளிகளைச் சில நூறு வகைகளாகப் பிரித்தார்கள். தரத்தையும் செலவையும் அளக்க ஒரு கருவியாகத்தான் அதைச் செய்தார்கள். 1983-ல் மெடிகேர் அதையே பணம் கொடுக்கும் முறையாக ஆக்கிக்கொண்டது. இந்த வகை நோயாளிக்கு இவ்வளவு, எத்தனை நாள் தங்கினாலும் பொதுவாக அவ்வளவுதான். அன்று முதல் கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதும் ஒவ்வொரு வரியும் பணம். நோய்க்குறியீடு தெரியாதவர் ஆஸ்பத்திரி நடத்த முடியாது என்றாகிவிட்டது. வார்டில் நின்று பழகிய ஒருவருக்குத்தான் நோயாளிகளை இப்படிப் பிரிக்கத் தோன்றும் என்று நான் நம்புகிறேன். தாம்சன் நைட்டிங்கேலை ஆழ்ந்து படித்தவர், ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் வரலாற்றைப் பற்றி கிரேஸ் கோல்டினோடு சேர்ந்து 1975-ல் ஒரு பெரிய நூலே எழுதியவர் என்பதும் தற்செயல் அல்ல.

காட்மனின் கேள்வியும் கடைசியில் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு, ஆஸ்பத்திரிகளில் நடக்கும் பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. தனி மனிதரைக் குற்றம் சொல்வதைவிடப் பிழை நடக்க இடம் தரும் முறையை மாற்றுங்கள் என்பது அதன் சாரம். நோயாளி பாதுகாப்பு இல்லாத இளநிலைப் பாடத்திட்டம் இன்று அந்நாட்டில் அபூர்வம். காட்மன் 123 பிழைகளை அச்சிட்டபோது ஊர் ஒதுக்கியது. இன்று பத்தொன்பது வயது மாணவர் ஒரு மருந்துப் பிழையை எடுத்து, அது எந்தெந்தக் கைகளைத் தாண்டி நோயாளியை அடைந்தது என்று படம் போட்டு விளக்கி மதிப்பெண் வாங்குகிறார்.

இப்போது அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த இளநிலை வகுப்புகளில் இருப்பவர்கள் பள்ளி முடித்து நேரே வந்தவர்கள் மட்டும் அல்ல. பகலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு மாலையில் வருகிறவர், இரவு வேலை முடித்துவிட்டு இணையத்தில் பாடம் கேட்கும் நர்ஸ், பில்லிங் அறையில் பல ஆண்டு உழைத்தும் பட்டம் இல்லாததால் மேலே போக முடியாதவர் என்று பலர். அவர்கள் முன்பு முடித்த டிப்ளமோவின் பாடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, மீதிப் பாடங்களை மட்டும் முடிக்கச் சொல்லும் ஏற்பாடு பல கல்லூரிகளில் உண்டு. 1924-ல் மூலினியேவின் கையில் இது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நேரடிப் பயிற்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டேவிஸ் காலம் முதல் இந்தப் படிப்பு வகுப்பறையோடு நின்றதில்லை; இளநிலையிலும் கடைசிக் கட்டத்தில் இன்டர்ன்ஷிப் உண்டு. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மாணவர், தன் அன்றாட வேலையையே இன்டர்ன்ஷிப்பாகக் காட்ட முடியாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. இது நல்ல விதி, நம் ஊர்க் கல்லூரிகளும் கறாராகப் பின்பற்ற வேண்டிய விதி. நர்சாக இருப்பவர் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்து, தான் வார்டில் எழுதிய ஒரு வரி எப்படித் தொகையாக மாறுகிறது என்று பார்க்கட்டும். பில் போடுகிறவர் வார்டில் ஒரு இரவு வேலை முழுக்க நின்று, எந்த நேரத்தில் கேஸ் ஷீட் எழுத நேரம் இல்லாமல் போகிறது என்று பார்க்கட்டும். பயிற்சி முடிந்து எழுதும் அறிக்கையில் இருவரும் அதையே எழுதட்டும்.